இருபது வெற்றுப் படிவங்கள்

காலை ஏழு நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது. சட்டப்பேரவை உறுப்பினரின் அலுவலகம் திறப்பது எட்டரைக்கு. மனுக்காரர்கள் வருவதற்குள் முந்தைய நாள் மனுக்களைப் பிரித்து அடுக்கிவிட வேண்டும் என்று உதவியாளர் ஏழரைக்கே வந்துவிடுவாள். இது தெரிந்தவர்கள் சிலர்தான். அவர்களில் ஒருவர் அவளுடைய அண்ணன்.

"பேப்பர் பாத்தியா?"

"இன்னும் வரலை."

"ஆத்தைத் தாண்டி எங்களுக்கே வந்துடுச்சு. அஞ்சாம் பக்கம், கீழ. படிக்கிறேன், கேளு. அக்கரை மருத்துவமனையை இருபத்துநான்கு மணி நேர மருத்துவமனையாகத் தரம் உயர்த்தும் உத்தேசம் அரசிடம் உள்ளதா என்ற கேள்விக்கு, அத்தகைய உத்தேசம் ஏதுமில்லை என்று அமைச்சர் எழுத்துமூலம் பதில் அளித்தார். கேட்டது யாரு தெரியுமா?"

"யாரு?"

"உங்க ஆளு."

"அவர் அப்படிக் கேக்க மாட்டாரு."

"அப்ப கேள்வி தானா எழுந்து நடந்து போயிருக்கு." அண்ணன் பேப்பரை மடிக்கிற சத்தம் கேட்டது. "அங்க டைப் அடிக்கிறது நீதானே?"

அவள் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார்.

பேப்பர் எட்டு மணிக்கு வந்தது. அண்ணன் படித்ததில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

இந்த வேலையில் அவளுக்குப் பதினாறு வருடம். உத்தேசம் உண்டா என்று எந்த அமைச்சரையும் அவள் கேட்டதில்லை. கேட்டால் இல்லை என்பார், கதை முடிந்தது. எழுத்தில் ஒரு தடவை இல்லை என்று வந்துவிட்டால் அதே விஷயத்தை ஒரு வருடத்துக்குப் பேரவையில் எழுப்ப முடியாது. ஆகவே எத்தனை மருத்துவர் இடம் காலி, எந்தத் தேதிக்குள் நிரப்புவீர்கள், போன தடவை சொன்ன தேதி என்ன ஆயிற்று என்றுதான் எழுதுவாள். அமைச்சர் நெளிய வேண்டும். அவர் நெளிகிறவரை விஷயம் உயிரோடு இருக்கும்.

அக்கரை மருத்துவமனையை இத்தனை காலம் அப்படித்தான் உயிரோடு வைத்திருந்தாள். இப்போது தேர்தலுக்கு எட்டு மாதம் இருந்தது. ஒரு வருடம் என்பது இந்தப் பேரவையின் ஆயுளைவிட நீளம்.

மருத்துவமனை என்று பேர்தான். இரண்டு மாடி, பன்னிரண்டு கட்டில். மருத்துவர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். நான்கு மணிக்குப் பூட்டு. கடைசிப் படகு ஆறு மணிக்கு. அதற்குமேல் உடம்புக்கு ஏதாவது வந்தால் விடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அவளுடைய அண்ணி அப்படிக் கிடந்தாள். முதல் படகில் ஏற்றினார்கள். நடு ஆற்றில் போய்விட்டாள். பழுதான மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொடுக்கும் கடை வைத்திருந்த அண்ணன், அந்த வருடம் கடையை அரைநாள் ஆக்கிவிட்டு, மீதி அரைநாளில் மருத்துவமனைக் குழு ஆரம்பித்தார். வீடு வீடாகப் போய் நாலாயிரத்துச் சொச்சம் கையெழுத்து வாங்கினார்.

உறுப்பினரைத் தொகுதியில் யாரும் உறுப்பினர் என்று சொல்வதில்லை. ஊசிக்காரர் என்பார்கள். அரசியலுக்கு வருமுன் மாடுகளுக்குத் தடுப்பூசி போடுகிற வேலை. சைக்கிளில் பனிக்கட்டிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு பதினோரு வருடம் ஆற்றின் இரண்டு கரையும் சுற்றியவர். எந்த வீட்டு மாடு முட்டும், எந்த வீட்டு மனிதர் முட்டுவார் என்று அவருக்குத் தெரியும். முதல் தடவை சுயேச்சையாக நின்று இருநூறு வாக்கில் தோற்றார். அடுத்த தடவை கட்சியே கூப்பிட்டது. அதற்குப்பின் நான்கு தேர்தல், நான்கும் வெற்றி.

அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரே ஒரு தாள் ஒட்டியிருந்தது. சேர்ந்த முதல் மாதம் அவள் அடித்துக்கொடுத்தது. ஒன்று, மருத்துவமனை. இரண்டு, பாலம். மூன்று, பள்ளிப் பேருந்து. "எனக்கு மூணே வேலை. நாலாவதா எதையாவது தூக்கிட்டு வந்தா, நாற்காலியோட தூக்கி வெளிய வெச்சுடுவேன்" என்று வருகிறவர்களிடம் சொல்வார். பேருந்து வந்துவிட்டது. மூன்றாவது வரியைச் சிவப்பு மையில் அடித்தவளும் அவள்தான்.

கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர் அவர் இருபது கேள்விப் படிவங்களில் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். காரில் போகிறபோது, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. அவள் கேள்வியை அச்சடித்துத் தலைநகருக்கு அனுப்புவாள். அனுப்பியதை அவர் படிப்பதில்லை. நீ எழுதினால் நான் எழுதின மாதிரி என்பார். ஒரு தடவை கையெழுத்து தாளின் நடுவில் விழுந்து, கேள்வி அதன்மேல் ஏறிப்போனது. அன்று சத்தம் போட்டாள். அதிலிருந்து தாளின் அடியில், ஓரத்தை ஒட்டித்தான் போடுவார்.

ஒவ்வொரு படிவத்தின் பின்னாலும் மூலையில் பென்சிலால் ஓர் எண் போட்டு வைப்பது அவள் வழக்கம். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் வந்ததில்லை.

அலமாரியைத் திறந்தாள். ஏழு அனுப்பியிருந்தாள். பதிமூன்று இருக்க வேண்டும். எட்டிலிருந்து இருபதுவரை வரிசையாக இருந்தன. இரண்டு தடவை பார்த்துவிட்டுப் பூட்டினாள்.

ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை வந்தார். உறுப்பினருடைய மகளின் கணவர். மூன்று மாதமாக மாமனாருக்கு ஒத்தாசை என்று வந்துபோகிறார். வந்த நாளிலிருந்து அலமாரிச் சாவி எங்கே இருக்கும், மனுக்கள் எந்த ஊரிலிருந்து அதிகம் வரும், சுவரில் இருக்கிற தாளைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரே கேள்வி மயம். மாமனாருக்கு அடுத்த தடவை கட்சி சீட்டு கொடுக்காவிட்டால் யாருக்குக் கொடுக்கும் என்பதை மட்டும் கேட்டதில்லை.

"என்ன மேடம், பேப்பர்ல நம்ம பேரு நாறுது?"

"பாத்தேன்."

"படிவமெல்லாம் உங்ககிட்டதானே இருக்கும்?"

"அலமாரில இருக்கு."

"அலமாரி உங்ககிட்டதானே இருக்கு." சிரித்தார். அவருக்குப் பல்வரிசை நன்றாக இருக்கும்.

உறுப்பினரை வீட்டிலிருந்து அழைத்து வரப் போகுமுன் வாசலில் கார் துடைத்துக்கொண்டிருந்த ஓட்டுநர், மாப்பிள்ளை உள்ளே போனதும் ஜன்னல் பக்கம் வந்தார். "அக்கா, அவர் நாற்காலிக்கு அளவெடுத்து ரொம்ப நாள் ஆச்சு. மெத்தை என்ன கலர்ல வேணும்னுதான் பாக்கி."

"உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கு ரோடு தெரியும். வேற ஒண்ணும் தெரியாது." துணியை உதறிக்கொண்டு போனார். வழக்கமாக இன்னும் இரண்டு வார்த்தை அடித்துவிட்டுத்தான் போவார்.

பத்து மணிக்கு உறுப்பினர் வந்தார். மனுக்காரர்களைக் கும்பிட்டுவிட்டு நேராக உள்ளே போய் அவளைக் கூப்பிட்டார்.

"எவனோ நம்ம தலையில மண்ணைப் போட்டுட்டான்மா."

"யாரு சார்?"

"அதான் தெரியலை. உன் மேல எனக்குச் சந்தேகம் இல்ல." ஜன்னல் பக்கம் போனார். "ஆனா கையெழுத்து என்னோடது. படிவம் நம்ம அலுவலகத்துலேருந்துதான் போயிருக்கணும். உன்மேல சந்தேகமே இல்ல, அதை மனசுல வெச்சுக்கோ. எண்ணிப் பாத்தியா?"

"இன்னும் இல்ல சார்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பதினாறு வருடத்தில் அவரிடம் சொன்ன முதல் பொய். அவர் தோள் கொஞ்சம் இறங்கியது. எண்ணாதது நல்லதாகப் போயிற்று என்பதுபோல. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"எண்ணி என்ன ஆகப்போகுது. போனது போச்சு. வெள்ளிக்கிழமை அக்கரையில கூட்டம். வெறும் கையோட போனா படகுலேருந்து இறங்க விட மாட்டாங்க. ஒரு லெட்டர் எழுதிடலாம். எழுதிக்கோ."

அவர் நடந்துகொண்டே சொன்னார். எப்போதும் அப்படித்தான், சுவரிலிருந்து அலமாரிவரை, அலமாரியிலிருந்து சுவர்வரை. அவள் எழுதிக்கொண்டாள். அக்கரைப் பொதுமக்களுக்கு. மேற்படி கேள்வி உறுப்பினரின் பார்வைக்கு வராமலே அலுவலக உதவியாளரின் கவனக்குறைவால் அனுப்பப்பட்டுவிட்டது. இதற்கு நானே முழுப் பொறுப்பு. வருந்துகிறேன்.

"நானேங்கறது யாரு சார்?"

"நீதான். ஒரு ஃபார்மாலிட்டிம்மா. கையெழுத்துப் போட்டுட்டு ஒரு மாசம் லீவு எடு. திரும்பி வரும்போது எல்லாரும் மறந்திருப்பாங்க. உன்மேல சந்தேகப்பட்டா இப்படி உக்கார வெச்சுப் பேசுவேனா?"

ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். மூன்று தடவை சொல்லிவிட்டார்.

அக்கரையில் எல்லாரும் மறந்திருப்பார்கள் என்று அவர் சொன்னதை யோசித்தாள். மறக்கிற ஊர் அல்ல அது. அவள் பிறந்த ஊர். அண்ணி போன நாளை இன்னும் கிழமையோடு சொல்வார்கள். இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் அண்ணன் வீட்டு வாசலை அவள் மறுபடி மிதிக்க முடியாது.

"நாளைக்கு ஒரு நாள் லீவு வேணும் சார்."

"எடுத்துக்கோ. வியாழக்கிழமை வரும்போது போட்டுக் கொடு."

புதன்கிழமை அவள் தலைநகர் பேருந்தில் ஏறினாள். நான்கு மணி நேரம். வழி நெடுக மாப்பிள்ளையை மனதில் நிற்கவைத்துத் திட்டினாள். உறுப்பினரின் வீட்டுக்குள் போய்வருகிற ஆள். மாமனாரிடம் ஒரு வெற்றுப் படிவத்தை நீட்டி இதில் ஒன்று போடுங்கள் என்றால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போட்டுவிடுவார். உறுப்பினர் அதை மறைக்கப் பார்க்கிறார், மகள் வாழ்க்கை என்று. இப்படி எல்லாம் சரியாகப் பொருந்தியது.

கேள்விப் பிரிவு, பேரவைக் கட்டடத்தின் பின்பக்கம் மூன்றாவது மாடி. பிரிவு அலுவலர் வழுக்கைத் தலை, நூல் சட்டை. பதினாறு வருடமாகத் தொலைபேசியில் பேசியிருக்கிறார்கள், பார்த்ததில்லை.

"அந்தக் குரல் நீங்கதானா? நான் குண்டா இருப்பீங்கன்னு நினைச்சேன்."

"நான் உங்களுக்கு முடி இருக்கும்னு நினைச்சேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. "எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. உங்க கேள்வின்னா அமைச்சர் அலுவலகத்துல தலைவலி மாத்திரை தேடுவாங்க. இது என்னடா, பந்தை எடுத்துக் கையில கொடுத்த மாதிரி இருக்கேன்னு நினைச்சேன்." பதிவேட்டைத் திருப்பினார். "தபால்ல வரலை. நேர்ல கொடுத்திருக்காங்க."

"யாரு?"

"அன்னைக்கு நான் லீவு. கவுன்ட்டர்ல இருந்தவன் மாத்தலாகிப் போயிட்டான்." கோப்பிலிருந்து படிவத்தை உருவி மேசைமேல் வைத்தார்.

முதலில் பின்பக்கம் பார்த்தாள். பென்சில் எண் இல்லை. நினைத்ததுதான். முன்பக்கம் திருப்பினாள்.

கேள்வி நான்கு வரி. நான்காவது வரிக்கு நேர் கீழே, விரல் நுழைய இடம் விடாமல், கையெழுத்து. தாளின் அடிப்பாகம் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. கையெழுத்தின் வால் மேலே வளைந்து கேள்வியின் கடைசிச் சொல்மேல் ஏறியிருந்தது. மை அச்சுக்கு மேலே இருந்தது. பக்கத்தில் தேதி, அவர் கையாலேயே.

வெற்றுத் தாளில் போட்டது அல்ல. கேள்வி முதலில் இருந்திருக்கிறது. கையெழுத்து அப்புறம் வந்திருக்கிறது. பதினாறு வருடத்தில் அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட ஒரே படிவம் இதுதான்.

"தண்ணி வேணுமாம்மா?" என்றார் பிரிவு அலுவலர்.

"ஒரு நகல் வேணும்."

வியாழக்கிழமை அவள் வருவதற்குள் அண்ணன் வந்து வெளி அறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதல் படகில் வந்திருக்க வேண்டும். கடைக்குப் போட்டுக்கொள்கிற சட்டை, நகக்கண்ணில் வார்னிஷ்.

"உங்க ஆளைப் பாக்கணும்."

"பாக்கலாம். உக்காரு அண்ணா."

"முதல்ல நீ சொல்லு. நீயா?"

"நான்னு நினைக்கிறியா?"

அவர் நகக்கண் வார்னிஷைச் சுரண்டினார். அது அவளை அறுத்தது. "ஊர்ல நினைக்கிறாங்க" என்றார்.

உறுப்பினர் பத்து மணிக்கு முன்பே வந்தார். அண்ணனைப் பார்த்துக் கும்பிட்டார், "ஒரு அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அவள் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

"லெட்டர் போட்டாச்சாம்மா?"

கையெழுத்துப் போடாத கடிதத்தை மேசைமேல் வைத்தாள். அதன்மேல் நகலை வைத்தாள்.

அவர் கண்ணாடியைத் தேடவில்லை. தேட வேண்டியிருக்கவில்லை.

"எங்க கிடைச்சுது?"

"பிரிவுல."

"ம்." நாற்காலியில் சாய்ந்தார். "உன்னை வேலைக்கு வெச்சதுல நான் தப்பு பண்ணலை."

"ரெண்டு நாளா மனசுக்குள்ள மாப்பிள்ளையைத் திட்டித் தீர்த்துட்டேன் சார்."

"பரவாயில்ல. அவன் வேற எதுக்காவது வாங்க வேண்டியதுதான்."

இருவரும் சிரிக்கவில்லை.

"அமைச்சர் கூப்பிட்டாரு" என்றார். "ரெண்டுல ஒண்ணு எடுத்துக்கோன்னாரு. ஆஸ்பத்திரின்னா வருஷா வருஷம் ஆள், சம்பளம், மருந்து. பாலம்னா ஒரு தடவை செலவு. ஆஸ்பத்திரிக் கோரிக்கை உயிரோட இருந்தா பாலக் கோப்பு நகராது, எல்லாம் ஒரே தொகுதிக்கான்னு மத்தவங்க பிடிச்சுக்குவாங்க. நீயே கேளு, நான் இல்லைன்னு சொல்றேன், முடிச்சுக்கலாம்னாரு."

"நீங்க கேட்டீங்க."

"ரெண்டு கரையும் சேந்து எத்தனை ஊரு, நீயே சொல்லு. பாலம் வந்தா அக்கரையிலேருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிஷம். எந்த நேரமானாலும். அன்னைக்குப் பாலம் இருந்திருந்தா உங்க அண்ணி..."

"அண்ணியை விடுங்க சார்."

அவர் விட்டார்.

"பாலம் கட்ட எத்தனை வருஷம்?"

"மூணு."

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நாலு" என்றார்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீ அடிச்சுக் கொடுத்திருப்பியா?"

மாட்டாள். அது அவருக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கும் தெரியும்.

"அடிக்க மாட்டேன்னுதான், நான் அடிச்சதாவே இருக்கட்டும்னு விட்டுட்டீங்க."

"மூணு மாசம்தாம்மா. பட்ஜெட்ல பாலத்தோட பேரு வந்ததும் மேடை போட்டு நானே சொல்லிடறேன், அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லைன்னு. இப்ப வாயைத் திறந்தா பாலமும் போயிடும்."

"அடுத்த தேர்தலுக்கு சீட்டும் பேசியாச்சா?"

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அவளுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. வேலை செய்கிற மூளை வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு பதில் வந்தால் அதில் எங்கே ஓட்டை என்று பார்த்துப் பழகிய மூளை.

"பாலக் கோப்பை நீங்க பாத்தீங்களா சார்?"

"அமைச்சர் சொன்னாரு."

"கோப்பு எண்?"

"அதெல்லாம் அப்புறம்..."

"ஒரு கடிதம்? ஒரு குறிப்பு? ஏதாவது எழுத்துல?"

உறுப்பினர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இப்போதுதான் நகலைக் கையில் எடுத்தார். புதிதாக ஏதாவது எழுதியிருக்குமோ என்பதுபோல நான்கு வரிகளையும் மெதுவாகப் படித்தார். இருபது வருடமாக ஒவ்வோர் அமைச்சரின் பின்னாலும் எழுத்தில் கொடுங்கள், எழுத்தில் கொடுங்கள் என்று அலைந்த மனிதர்.

"என்கிட்ட சத்தியமா சொன்னாரும்மா."

"இல்லைங்கறதை எழுத்துல கொடுத்துட்டாரு. ஆமாங்கறதை வாயில கொடுத்திருக்காரு."

மாடுகளுக்கு ஊசி போட்ட கை, பெரிய கை. நகலை மேசைமேல் வைத்து அதன்மேல் அந்தக் கையை விரித்து வைத்திருந்தார், காற்றில் பறந்துவிடும் என்பதுபோல. அறையில் மின்விசிறி ஓடவில்லை.

அவள் கடிதத்தை மட்டும் உருவி எடுத்தாள். மடிக்கவில்லை, கிழிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்ச் கிறீச்சிட்டது. யாரோ எழுந்து நின்றார்கள்.

"அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சு சார். எங்க அண்ணன் வெளிய நிக்கிறாரு. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"